ஆட்டின் நெஞ்சில் ஒரு சாண் துணி

என் சித்தப்பா சேலம் அம்மாபேட்டையில் நாற்பது வருடத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு வேட்டி நெய்தவர். மூன்று வருடம் முன்னால் ஒருநாள் விடியற்காலை, தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் துணியைக் கிழிக்கிற மாதிரி வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். அவர் சொன்ன சொல்லே அதுதான். மாரடைப்பு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் பார்த்தால், இதயத்திலிருந்து கிளம்பி வளைந்து முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. கிழிந்த வழியாக ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, தனக்கென்று இன்னொரு பாதை வெட்டிக்கொண்டிருந்தது. 'அயோர்டிக் டிசெக்‌ஷன்' என்றார்கள். ரத்த அழுத்த மாத்திரையை இருந்தால் போடுவார், தீர்ந்தால் அடுத்த கூலி வரும்வரை விட்டுவிடுவார். அதன் பலன் அது.

பத்து நாள் மருந்தில் வைத்திருந்தார்கள். மறு ஸ்கேனில் பொய்ப்பாதை பருத்திருந்தது. தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் ஏற்றிக் கிழிசலின் வாயை அடைக்க வேண்டும் என்று முடிவானது. டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினார். ஒரு சாண் நீளம். நெளிநெளியான கம்பி வளையங்கள். அவற்றின்மேல் இழுத்துத் தைத்த வெள்ளைத் துணிக்குழாய். சித்தப்பா கம்பியைப் பார்க்கவே இல்லை. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "பாவு நல்லா நெருக்கமா ஓட்டியிருக்காங்க கண்ணு" என்றார் என்னிடம். பிறகு, கம்பியும் துணியும் சேர்கிற தையலில் நகத்தை வைத்து, "இங்கதான் உரசும். உரசுற எடத்துல நூலு தேயுமே" என்றார்.

டாக்டரைப் பார்த்து அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இத மொதல்ல எதுல போட்டுப் பாத்தாங்க சார்?" ஆட்டிலும் பன்றியிலும் என்றார் டாக்டர். "அந்த ஆடு எத்தன வருசம் இருந்துச்சு?" டாக்டர் நல்ல மனிதர், மழுப்பவில்லை. "மாசக்கணக்குலதான் வெச்சிருப்பாங்க பெரியவரே."

அந்த மாதக்கணக்கு நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது? விலங்குச் சோதனை பற்றிய சண்டை நம் ஊரில் பெரும்பாலும் கருணையா விஞ்ஞானமா என்ற ஒரே கோட்டில் நடக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, சோதனை தன் வேலையைச் செய்கிறதா என்பது. செய்யாத வேலைக்காக ஓர் உயிரை வாங்கியிருந்தால் கருணைக் கணக்கும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இந்தத் துணியின் கதையே ஒரு நாயிடமிருந்து தொடங்குகிறது. 1940களின் கடைசியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூரீஸ் என்ற இளம் அறுவை மருத்துவர், பல மாதம் முன்பு ஒரு நாயின் இதயத்துக்குள் தவறிப்போய் மாட்டிக்கொண்டிருந்த பட்டுத் தையல் நூல் ஒன்றைக் கண்டார். நூலின்மேல் பளபளப்பான உயிர்த்தோல் மூடியிருந்தது. ஒரு நூலைச் சுற்றித் தோல் படருமானால், நூலால் நெய்த துணியைச் சுற்றியும் படரும் அல்லவா? பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்து நாயின் தமனியில் வைத்துப் பார்த்தார். அடுத்து வின்யான்-என் என்ற செயற்கை இழைத் துணிக்குப் போனார். 1952இல் அந்த முடிவுகள் அச்சேறின. ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி டாக்ரான் என்ற பாலியஸ்டர் துணியை வாங்கிவந்து, வீட்டுத் தையல் இயந்திரத்தில் தானே குழாயாகத் தைத்தார். இன்றைக்கும் தமனிக்குப் போடும் துணி பெரும்பாலும் அந்தப் பாலியஸ்டர்தான். பட்டு நூலில் தொடங்கிய கதை என்று சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன்.

கம்பியின் கதையும் அப்படியே. 1969இல் சார்ல்ஸ் டாட்டர் நாயின் கால் தமனிக்குள் சுருள்கம்பி வைத்துப் பார்த்தார். கம்பியையும் துணியையும் சேர்த்து மார்புப் பெருந்தமனிக்குள் முதன்முதலில் செலுத்தியவர் உக்ரைனின் கார்கிவ் நகரத்து நிகோலாய் வொலொதோஸ், வருடம் 1987. 1990இல் புவனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு அதைச் செய்தார். அதற்கு முன் பல வருடம் நாய்களில் பழகியிருந்தார். கிழிந்த பெருந்தமனிக்கு இந்த வழி உதவும் என்று 1999இல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு குழுக்கள் எழுதின. அதற்கும் முன்பே நாய்களின் பெருந்தமனியில் செயற்கையாகக் கிழிசல் உண்டாக்கி ஸ்டென்ட் வைத்துப் பார்த்திருந்தார்கள். ஆகவே, விலங்கு இல்லாமலே இதெல்லாம் வந்திருக்கும் என்று யாராவது சொன்னால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. என் சித்தப்பா இன்று உயிரோடு இருப்பதில் பெயரில்லாத சில நாய்களுக்கும் ஆடுகளுக்கும் பங்கு இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

விலங்குச் சோதனையின் பலத்துக்கு என் மனதில் முதலிடம் பன்றிகளுக்கு. பெருந்தமனியில் துணிக்குழாய் போட்டால், அங்கிருந்து முதுகுத்தண்டுக்குப் போகும் சிறு தமனிகளின் வாய்கள் அடைபடும். சிலருக்கு இரண்டு காலும் செயலிழக்கும். முன்பெல்லாம், தண்டுவடத்துக்கு உயிர் தருவது ஒரு பெரிய கிளைதான், அதைக் காப்பாற்றினால் போதும் என்று நம்பினார்கள். நியூயார்க்கில் ராண்டல் கிரெப்பும் அவரோடு இருந்தவர்களும் பன்றிகளில் பொறுமையாகச் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. தண்டுவடத்தைச் சுற்றி ஒரு வலையே இருக்கிறது. ஒரு வாய் அடைபட்டால் மற்றவை நாளாக நாளாக அகன்று அந்த வேலையை ஏற்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடாமல் இடைவெளி விட்டுக் கட்டம் கட்டமாக மூடலாம் என்ற சிகிச்சை அதிலிருந்துதான் பிறந்தது. எந்தக் கணினி மாதிரியும், எந்தக் கண்ணாடிக் குழாயும் இதைச் சொல்லியிருக்க முடியாது. உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் விதத்தை உயிருள்ள உடம்பில்தான் பார்க்க முடியும்.

இப்போது மறுபக்கம். வழக்கமான ஆட்டுச் சோதனை எப்படி நடக்கும்? நல்ல ஆரோக்கியமான, வளர்ந்த ஆட்டைத் தேர்வு செய்வார்கள். மயக்கம் கொடுத்துத் தமனி வழியாகக் கருவியை ஏற்றி விரிப்பார்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று பிரித்து வைத்து, தவணை முடிந்ததும் கொன்று, பெருந்தமனியை வெட்டியெடுத்து, மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கருவி இடம் பெயர்ந்ததா, ரத்தம் உறைந்ததா, சுவர் அழன்றதா, துணியை உடம்பு ஏற்றதா? இந்தக் கேள்விகளுக்கு ஆடு ஒழுங்காகப் பதில் சொல்லும். இவற்றை மனிதனிடம் முதலில் கேட்பது கொடுமை.

ஆனால் கிழிசல்? ஆட்டுக்குத் தானாகப் பெருந்தமனி கிழிவதில்லை. எனவே மார்பைத் திறந்து, தமனியை இடுக்கியால் பிடித்து, உள்ளடுக்கில் கீறி, சுவருக்குள் பை மாதிரி பிரித்துவிட்டுப் பிறகு மூடுவார்கள். 1959லேயே நாயில் இதைச் செய்து எழுதியிருக்கிறார்கள். செய்வது கைத்திறன்தான், சந்தேகமில்லை. ஆனால் மனிதனுக்கு நேர்வது வேறு. இருபது வருட ரத்த அழுத்தமோ பிறவிக் கோளாறோ நடு அடுக்கின் இழைகளை நைந்துபோக வைத்த பிறகுதான் மனிதத் தமனி கிழிகிறது. புது வேட்டியைப் பிளேடால் கீறுவதும், உடுத்தி உடுத்தி இற்றுப்போன வேட்டி தானாகக் கிழிவதும் ஒன்றா? புது வேட்டியில் ஒட்டுப் போட்டால் தையல் நிற்கும். இற்ற துணியில் ஒட்டின் ஓரத்தில் புதுக் கிழிசல் ஓடும். இந்தச் சிகிச்சையில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் சிக்கல்களில் ஒன்று அதுதான்: ஸ்டென்டின் விறைப்பான விளிம்பு குத்திச் சுவரில் இன்னொரு கிழிசல் உண்டாவது, சில சமயம் அது இதயத்தை நோக்கிப் பின்னோக்கி ஓடுவது. ஆரோக்கியமான ஆட்டின் சுவர் இதைக் காட்டிக்கொடுக்காது.

உடலமைப்பும் இடறுகிறது. மனிதனுக்குப் பெருந்தமனி வளைவிலிருந்து மூன்று கிளைகள் கிளம்புகின்றன. ஆட்டுக்கு ஒரே தண்டாகக் கிளம்பிப் பிறகு பிரிகிறது. கருவி உட்கார இடம் தேடித் திணறுவது அந்த வளைவில்தான். ஆட்டின் தமனி குறுகல் என்பதால் பெரிய அளவுகள் அதற்குள் போகாது. கடைக்கு வரும் அளவுகளில் சிறியதைத்தான் போட்டுப் பார்க்க முடியும்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வூரீஸின் நாய். துணிமேல் உயிர்த்தோல் படரும் என்ற வாக்குறுதியில்தான் இந்தத் துறையே எழுந்தது. ஆட்டிலும் பன்றியிலும் அது வேகமாகவே படர்கிறது. சீவலில் பார்க்க அழகாக இருக்கும். மனிதனுக்குத் துணியின் இரு முனைகளிலும் ஏதோ ஒரு விரற்கிடை ஊர்ந்து அதோடு நின்றுவிடுகிறது. வருடங்கள் போனாலும் நடுப்பகுதி வெறும் துணியாகவே கிடக்கும். கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய அதே காட்சி, மனிதனில் அப்படியே நடக்கவில்லை. ஆட்டில் நன்றாக ஆறியது என்ற வரியை ஓர் அறிக்கையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

இனி, சித்தப்பா நகம் வைத்த இடம். மனித இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கம்பி வளையம் விரிந்து சுருங்கும், துணியோடு உரசும். பத்து வருடத்துக்கு அது நாற்பது கோடித் துடிப்புக்கு அருகில் வரும். ஆறு மாத ஆட்டின் நெஞ்சில் கருவி பார்ப்பது இரண்டு கோடிச் சொச்சம். உலோகம் களைத்து உடைவதையும் நூல் தேய்வதையும் ஆட்டில் பார்க்கவே முடியாது என்று தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். அதனால்தான் வெந்நீர்க் குழாயில் மாட்டி இயந்திரத்தால் நாற்பது கோடித் தடவை துடிக்கவைக்கிறார்கள். ஆனால் இயந்திரத்தின் துடிப்பு சீரானது. மனிதன் குனிகிறான், இருமுகிறான், மாடிப்படி ஏறுகிறான், தறியில் உட்கார்ந்து கால் மிதிக்கிறான்.

விளைவு வரலாற்றில் இருக்கிறது. வான்கார்ட் என்ற ஆரம்பகாலக் கருவியில் வளையங்களைக் கட்டியிருந்த தையல்கள் அறுந்தன, துணியில் ஓட்டை விழுந்தது. கோர் நிறுவனத்தின் மார்புப் பெருந்தமனிக் கருவியில் நீளவாக்கில் வைத்த கம்பி சில நோயாளிகளுக்குள் முறிந்திருந்தது தெரிந்து, 2001இல் அதை நிறுவனமே திரும்பப் பெற்றது. அந்தக் கம்பியை நீக்கி மாற்றியமைத்த பிறகு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பழைய காலம் என்று ஒதுக்கவும் முடியாது. 2021 பிப்ரவரியில் மெட்ரானிக் நிறுவனம் வேலியன்ட் நேவியன் என்ற புதிய தலைமுறைக் கருவியை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த சில நோயாளிகளின் தொடர் ஸ்கேனில் கம்பி உடைப்பும், துணி வழியாக ரத்தக் கசிவும் தெரிந்ததுதான் காரணம். இவை எல்லாமே விலங்குச் சோதனையையும் இயந்திரச் சோதனையையும் தாண்டி மனிதர்களுக்குப் போன கருவிகள். குறையைக் காட்டிக்கொடுத்தது வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேனுக்கு வந்த நோயாளிகளின் படங்கள்.

சிகிச்சை பயன் தருகிறதா என்ற கேள்விக்கும் அப்படித்தான். ஐரோப்பாவில் இன்ஸ்டெட் என்ற ஆய்வு, நிலைமை அடங்கிய 140 நோயாளிகளை மருந்து மட்டும், மருந்தோடு ஸ்டென்ட் கிராஃப்ட் என்று பிரித்தது. இரண்டு வருடத்தில் உயிர் பிழைப்பதில் புள்ளிவிவரப்படி குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் பொறுத்துப் பார்த்தபோது, பெருந்தமனிக் கோளாறால் இறந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 19.3 சதவீதம், கருவி போட்டவர்களில் 6.9 சதவீதம். இரண்டு வருடத்துக்கும் ஐந்து வருடத்துக்கும் நடுவே இருந்த இந்த உண்மையை ஆறு மாத ஆட்டிடம் எப்படிக் கேட்பது?

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: ஞாயிற்றுக்கிழமை தோறும் கறிக்கடை வாசலில் வரிசையில் நிற்கிற ஊர், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கிடாய் வெட்டுகிற ஊர், ஆராய்ச்சிக்கு நாலு ஆடு போனால் மட்டும் ஏன் இந்தக் கவலை? எங்கள் ஜில்லா மேச்சேரி ஆட்டின் ஊர். பொட்டனேரியில் அந்த இனத்துக்கென்றே அரசு ஆராய்ச்சி நிலையம் உண்டு, பக்கத்து ஜில்லா நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. செம்பழுப்பு நிறத்தில், கம்பளி இல்லாமல் மயிரோடு, வெயிலைத் தாங்கி மேயும் ஆடு. என் சித்தியே வீட்டுப் பின்கட்டில் இரண்டு வளர்த்தாள். விற்கும் நாளில் சோறு சாப்பிட மாட்டாள். எனவே இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் அது பாதி வாதம்தான். கறிக்கு வெட்டுகிறவன் அதைக் கறி என்றுதான் சொல்கிறான். சோதனைக்கு வெட்டுகிறவன், இதனால் ஓர் உண்மை தெரிந்தது என்கிறான். அந்த உண்மை தெரியவில்லை என்றால், அல்லது தெரிந்தும் கோப்பில் பூட்டிவைக்கப்பட்டால், அவன் சொன்ன காரணம் பொய்யாகிறது. கறிக்கடையைக் காட்டி அந்தப் பொய்யை மெய்யாக்க முடியாது.

நம் சட்டம் இதை நன்றாகவே புரிந்துகொண்டது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சியிலிருந்துதான் 1960ஆம் வருடத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அது விலங்குச் சோதனையை அடியோடு தடுக்கவில்லை. தவிர்க்க முடிகிற இடத்தில் தவிர், வலி தெரியாமல் மயக்கம் கொடு, சிறிய விலங்கில் முடிகிற வேலைக்குப் பெரிய விலங்கைத் தொடாதே என்கிறது. மனிதனுக்கான பெருந்தமனிக் கருவி எலிக்குள் போகாது; ஆகவே இந்தத் துறை பெரிய விலங்குக்குத்தான் வந்தாக வேண்டும். அப்படியிருக்க, தவிர்க்க முடிகிற இடமா இது என்ற முதல் கேள்வியின் எடை இங்கே இன்னும் கூடுகிறது. இங்கிலாந்தில் ரஸ்ஸலும் பர்ச்சும் மாற்று, குறை, மென்மையாக்கு என்ற மூன்று நெறிகளை எழுதியது இந்தச் சட்டத்துக்கு ஒரு வருடம் முன்னால், 1959இல்.

இந்தியாவில் நன்றாக நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தைத்தான் சொல்வேன். டாக்டர் வலியத்தானின் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்தபோது மூன்று வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டார்கள். உலோகம், வில்லை, இணைப்பு என்று ஒவ்வொன்றிலும் இடறி, நான்காவது வடிவத்துக்கு வந்து, இயந்திரத்திலும் ஆடுகளிலும் தேறிய பிறகே 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் அந்த வால்வை வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் வெற்றி மட்டும் இல்லை. தோற்ற வடிவங்களைப் பற்றியும் அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள், பேசினார்கள். தோல்வி அச்சில் இருந்தால் அடுத்தவர் அதே தோல்விக்கு இன்னோர் ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை. அந்த நிலையம் இப்போது மூளைத் தமனிக்கான நிட்டினால் கம்பி ஸ்டென்ட் வரை வந்திருக்கிறது. கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் மருத்துவத் துணிகளுக்கென்றே மையம் நடத்துகிறது. நம் நாட்டிலேயே பெருந்தமனிக்கான துணியும் கம்பியும் முழுமையாகச் சேரும் நாள் தூரத்தில் இல்லை. அப்போது ஆட்டுக் கேள்வியும் நம் வாசலுக்கு வரும்.

வரும்போது என் நிலை இதுதான். உடம்பு துணியை ஏற்கிறதா, ரத்தம் உறைகிறதா, கருவி விரித்த இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஆடு வேண்டியிருக்கிறது. அதைச் சில ஆடுகளில், வலியில்லாமல், ஒருமுறை செய்யட்டும். ஆனால் ஆரோக்கியமான ஆட்டின் மார்பைத் திறந்து கிழிசல் உண்டாக்கி, அதை அடைத்துக் காட்டி, இது கிழிந்த மனிதத் தமனிக்கு உதவும் என்று சொல்லும் சோதனையை நான் ஏற்கவில்லை. அது தருவது பலவீனமான சாட்சி. ஆட்டுக்கோ அது மிகப் பெரிய அறுவை. அந்த வேலையை இறந்தபின் தானமாக வந்த மனிதத் தமனிகளிலும், நோயாளியின் ஸ்கேனை வைத்து வார்த்த மாதிரிகளிலும் செய்வது மேல். அவற்றில் மூன்று கிளை வளைவு இருக்கும்; தானமாக வந்த தமனிகளில் நைந்த சுவரும் கிடைக்கலாம். அனுமதி கேட்டு வைக்கும் ஒவ்வோர் ஆட்டின் முடிவும், நல்லதோ கெட்டதோ, வெளியே வர வேண்டும். விலங்கு ஆய்வை எப்படி எழுத வேண்டும் என்று 2010லேயே அரைவ் என்ற நெறிமுறை வந்துவிட்டது. ஆய்விதழ்களுக்கு எழுதுகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள், கம்பெனிக் கோப்புக்கு அது எட்டுவதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஆட்டிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. சோதனை ஆட்டுக்கு எண் உண்டு, ஏடு உண்டு, என்ன கருவி, எந்த நாள், எந்த அளவு, முடிவில் என்ன கண்டார்கள் என்று ஒவ்வொன்றும் எழுதப்படும். அதே கருவியைச் சுமந்து வீட்டுக்கு வந்த நெசவாளிக்கு என்ன இருக்கிறது? ஒரு பிளாஸ்டிக் பை. அதில் சுருட்டிய பிலிம், டிஸ்சார்ஜ் சீட்டு, கருவியின் எண் ஒட்டிய சிறு அட்டை. கம்பி உடைவதும் துணி கசிவதும் ஸ்கேனில்தான் தெரியும் என்று முன்பு சொன்னேன். வருடா வருடம் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஒருநாள் தறி நிற்க வேண்டும், பஸ் ஏற வேண்டும், ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டும். முதல் வருடம் போனார். இரண்டாம் வருடம், "நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு?" என்று விட்டுவிட்டார். அவர் போகாத அந்த வருடம் அவருக்கு மட்டும் நட்டமில்லை. அந்தக் கருவியைப் பற்றி உலகம் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வருடமும் அதோடு போய்விட்டது. ஆடு ஆறு மாதம் கொடுத்தது. மீதி ஒன்பதரை வருடத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் என் சித்தப்பா மாதிரி மனிதர்கள். அவர்கள் வந்துபோக வழி செய்யாமல், பஸ் செலவுக்கும் நாள் கூலிக்கும் ஸ்கேனுக்கும் ஏற்பாடு செய்யாமல், கருவியைப் போட்டு அனுப்புகிற சிகிச்சை பாதியில் நின்ற சோதனைதான். கருவியை விற்கிறவரும் அதற்கு அனுமதி தருகிறவரும் அந்தச் செலவை விலையிலேயே சேர்த்து எடுத்துவைக்க வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன்.

போன வாரம் அந்தப் பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்தேன். கருவியின் அட்டையில் எழுத்து மங்கத் தொடங்கியிருந்ததால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனி கடைசியில் ஸ்கேனுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். சித்தப்பா, ஆடிப் பண்டிகைக்கு ரெண்டு வேட்டி முடித்துக் கொடுக்கணும், தள்ளிப் போடலாமா என்று கேட்டார். பாவு தறியிலேயே இருக்கட்டும், ஒருநாளில் ஒன்றும் ஆகாது என்றேன். கொஞ்ச நேரம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்தத் தையல் உரசிருக்குமா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, தறியின்மேல் போர்த்துவதற்குப் பழைய வேட்டி ஒன்றைத் தேட எழுந்தார்.